சாமியான எல்லைக்கல்

கிள்ளான் ஆற்றுக்குப் பின்னால், விடிந்தும் விடியாத நேரம். மூடுபனி இடுப்பளவுக்குக் கிடக்கிறது. அந்தப் பனிக்கு மேலே இரண்டு பெண்களின் தோளும் தலையும் மட்டும் தெரிகின்றன. கால் இல்லாதவர்கள்போல மிதந்து வருகிறார்கள். நடுவில் ஒரு பழைய சேலை தொட்டில் மாதிரி தொங்குகிறது. அதற்குள் ஏதோ கனமாகக் கிடக்கிறது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போகிறவர்கள் நடப்பதுபோல மெல்ல நடக்கிறார்கள்.

முன்னால் வருகிறவள் உங்கள் அம்மா பாக்கியம். அப்போது அவளைக் கட்டிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. பின்னால் வருகிறவள் பக்கத்து நிலத்து அஞ்சலை அக்கா, சடையன் அண்ணனின் மனைவி.

"மெதுவாப் புடி பாக்கியம், மூஞ்சி அடிபட்டுடப் போவுது."

"கல்லுக்கு ஏதுக்கா மூஞ்சி?"

"நேத்துவரைக்கும்தான்டி கல்லு. இப்ப அப்படிச் சொல்லாத."

சேலைக்குள் இருந்தது சர்க்கார் நட்ட அளவுக்கல். அதைச் சேற்றிலிருந்து பிடுங்கி, குளிப்பாட்டி, வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நானும் சடையன் அண்ணனும் முன்னால் நடந்து புல்லை விலக்கி வழிவிட்டோம். அதனால் எங்கள் நிலமே கைவிட்டுப் போகப் பார்க்கும் என்பது யாருக்குமே அப்போது தோன்றவில்லை. அந்தப் பனியும் மஞ்சள் வாசனையும் இன்றைக்கும் என் கண்ணிலும் மூக்கிலும் அப்படியே இருக்கின்றன. சில சமயம் அது நடந்ததா, நான் கனவு கண்டேனா என்றுகூடத் தோன்றும்.

பிள்ளைகளே, ரப்பர் தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தை விட்டு மூட்டையோடு வெளியே வந்த கதையைப் போன வாரம் எழுதினேன். "அப்புறம் சொந்த நிலம் எப்படிப்பா வந்துச்சு?" என்று பெரியவள் கேட்டாள். சட்டத்தை வரிசையாகச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு வருஷத்து நிலம்

ஜெர்மன் சண்டை ஓய்ந்த சமயம். அரிசிக் கப்பல்கள் ஒழுங்காக வரவில்லை. அளந்துதான் அரிசி கிடைத்தது. ரப்பர் விலையும் விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். 'சும்மா கிடக்கிற நிலத்தில் சாப்பாட்டுப் பயிர் போடுங்கள்' என்று சர்க்கார் காட்டோரத்துத் தாழ்ந்த நிலங்களைப் பிரித்துக் கொடுத்தது. லைசென்ஸ் ஒரே வருஷத்துக்கு. அடுத்த வருஷம் மறுபடி போய் நிற்க வேண்டும்.

ஒரு வருஷத்து நிலம் மனிதனை என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். கீரை போடுவோம், மரவள்ளி போடுவோம், சோளம் போடுவோம். தென்னை வைக்க மாட்டோம். தென்னை காய்க்கிறபோது அங்கே யார் இருக்கப் போகிறார்களோ என்ற நினைப்பு. வீட்டுக்கு நல்ல மரத்தில் கால் நட மாட்டோம். காட்டுக்கம்பும் அத்தாப்பு ஓலைக் கூரையும் போதும் என்று விட்டுவிடுவோம். சடையன் அண்ணன் வீட்டில் தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. சட்டை வேண்டுமென்றால் மூடியை லேசாகத் தூக்கிக் கையை உள்ளே விட்டு எடுப்பார்.

ஆனால் அந்த நாட்களில் ஓர் அழகும் இருந்தது. நாலு குடும்பம் இருந்தோம், வேலி கிடையாது. அண்ணனின் எருமை என் சோளத்தைத் தின்றுவிட்டால் சாயங்காலம் அஞ்சலை அக்காவிடமிருந்து ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு வரும். கோழிகள் யார் வீட்டில் முட்டையிட்டாலும் அந்த வீட்டுக்கே சொந்தம். நிலமே நம்முடையது இல்லை என்கிறபோது எதற்காகச் சண்டை போடுவது?

பிறகு சர்க்கார் விதி மாறியது. விடாமல் பயிர் செய்தவனுக்கு அந்த நிலத்தையே எழுதிக் கொடுப்பது என்று முடிவானதாம். அந்தப் பத்திரத்துக்கு மலாயில் கெரான் என்று பெயர். நாங்களும் அப்படியேதான் சொல்வோம். ரப்பர் நடக்கூடாது, நிலத்தைத் தரிசாகப் போடக்கூடாது. அளந்து கல் நட்ட பிறகு லேண்ட் ஆபீஸ் பெரிய துரை நேரில் வந்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்து.

செய்தி பரவியதும் பழைய தோட்டத்துக் கங்காணி சைக்கிளில் வந்தார். எங்களைப் போல இன்னும் பலர் கிளம்பிவிடுவார்கள் என்ற கவலை அவருக்கு.

"என்னாப்பா, எல்லாரும் பண்ணையாரு ஆயிட்டீங்களாமே? எருமை பொரள்ற சேத்துக்கு ஒரு கெரானா?"

"ஆமாங்க கங்காணி," என்றார் சடையன் அண்ணன். "சேறு தான். ஆனா எங்க சேறு லா. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

கங்காணி சிரிக்கவில்லை. "துரை கையெழுத்துப் போடட்டும், அப்பறம் பேசு. இல்லாட்டி லயத்துல உங்க ரூமு காலியாத்தான் கெடக்கு."

அன்றைக்கு உங்கள் அம்மா சோறு சரியாகச் சாப்பிடவில்லை.

பொட்டு

நிலம் அளக்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சர்வேயர் ஐயா என்போம். வெள்ளைக் காற்சட்டை, தலையில் தொப்பி, மூன்று காலில் நிற்கும் ஒரு கருவி. சங்கிலி பிடிக்க ஆட்கள். புல்லுக்குள் சங்கிலி சரசரவென்று போகிற சத்தம் மழை தூரத்தில் வருகிற மாதிரி கேட்டது. நாலு நிலமும் கூடுகிற மூலையில், வாய்க்கால் திரும்பும் இடத்தில் ஒரு கல்லை நட்டார். தலையில் ஒரு கோடு, பக்கத்தில் எண் வெட்டியிருந்தது.

அவர் போனதும் அஞ்சலை அக்கா மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து கல்லுக்குப் பூசினாள். குங்குமம் வைத்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லைக்கல் என்றால் அதில் காவல் தெய்வம் நிற்கும். புது நிலத்தில் முதல் கல் விழுந்தால் அதற்குப் பொங்கல் வைக்காமல் யாரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். நாலு வீட்டு அரிசியையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கினோம். தட்டுப்பாட்டுக் காலத்து அரிசி, புழுத்த வாடை அடிக்கும். அன்றைக்கு மட்டும் அந்த வாடை தெரியவில்லை.

சாயங்காலம் சடையன் அண்ணனின் எருமை வந்து, அந்தக் கல்லில் முதுகைத் தேய்த்து, சாணி போட்டு, அங்கேயே படுத்துப் புரண்டது. கடல் ஏற்றத்தில் வாய்க்காலும் பொங்கிக் கல்லை மூடியது.

அஞ்சலை அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். "கும்பிட்ட சாமிய சேத்துல போட்டுட்டு நாம சோறு திங்கறதா?"

அதனால்தான் மறுநாள் விடிகாலையில் அந்தச் சேலைத் தொட்டில். சடையன் அண்ணன் நிலத்தில் ஒரு மேடு உண்டு. எங்களுக்கு முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போன மாமரம் அங்கே நிற்கும். அதன் அடியில் கல்லை நட்டு, நாலு கம்பு ஊன்றி, ஓலை வேய்ந்து, விளக்கும் வைத்தோம். எங்களுக்குப் பெரிய நிம்மதி. சாமி நல்ல இடத்தில் இருக்கிறது, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சர்வேயர் பார்த்தது

பெரிய துரை வருவதற்கு முன் ஒரு முறை சரிபார்க்க சர்வேயர் ஐயா வந்தார். மூலையில் போய் நின்றார். கல் இல்லை. வாய்க்காலுக்குள் குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் மாமரத்தடியில் விளக்கைப் பார்த்துவிட்டார்.

"உது என்ன? கல்லைக் கிளப்பிக் கொண்டுபோய்க் கோயில் கட்டிப் போட்டியளோ!"

நாங்கள் சந்தோஷமாகத் தலையாட்டினோம். அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆர் கிளப்பினது?"

"நாங்க எல்லாருந்தாங்க ஐயா," என்றார் சடையன் அண்ணன்.

"இது ஆற்ற காணி?"

"என்னோடதுங்க."

சர்வேயர் ஐயா அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "இஞ்ச பாரும். கல்லைத் தள்ளி வைக்கிறவன் தன்ர காணியைப் பெருப்பிக்கத்தான் தள்ளுவான். நீர் உம்மட காணியையெல்லோ குறைச்சு வைச்சிருக்கிறீர்! உம்மை நான் கள்ளன் எண்டு எழுதுறதோ, விசரன் எண்டு எழுதுறதோ?"

"சாமி உக்காந்த எடந்தானங்க, கொறஞ்சா என்னா?"

"லேண்ட் ஆபீஸுக்குச் சாமி தெரியாது, எண் தான் தெரியும். அளவுக்கல்லைக் கிளப்பினது குற்றம். இதை நான் எழுதினா நாலு பேற்ற மனுவும் போச்சு."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.  

"இப்பவே எடுத்துப் பழையபடி வெச்சிடறோங்க," என்றேன்.

"வெச்சிடுவியா?" அஞ்சலை அக்கா குறுக்கே வந்து நின்றாள். "மஞ்சக் குளிச்ச சாமிய எருமைச் சேத்துல தள்ளுவியா? தள்ளிட்டு அந்த நெலத்துல வெளையறத எந்த வாயில வெப்ப?"

 சர்வேயர் ஐயா கருவியை மடக்கிக்கொண்டு, "நாளைக்கு ரிப்போட் எழுத வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரிக்பீல்ட்ஸ் வீடு

மறுநாள் முதல் ரயிலில் கோலாலம்பூருக்குப் போனேன். சர்வேயர் ஐயாவின் வீடு பிரிக்பீல்ட்ஸில். அந்தக் காலத்துப் பிரிக்பீல்ட்ஸ் உங்களுக்குத் தெரியாது. செங்கல் சூளைகள் அப்போது குறைந்துவிட்டன. ஆனாலும் மழைக்குப் பிறகு தெரு சிவப்பாக ஓடும். ஒரு பக்கம் ரயில் கரிப்புகை, இன்னொரு பக்கம் மல்லிகைப் பந்தல். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கம்பியும் தூணும் கொண்ட சின்ன வாசல். ஆற்றோரத்து அத்தாப்புக் குடிசையிலிருந்து வந்தவனுக்கு அந்தத் தெரு வேறு உலகம்போல இருந்தது. இந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் நாளைக்கும் இங்கேயே இருப்போம் என்று நம்பித் தூங்குகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஐயா வெற்று மேலோடு, நெற்றி நிறைய விபூதியோடு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தொப்பி இல்லாமல் அவரை அடையாளம் தெரியவே கொஞ்சம் நேரமானது.

"வீட்டுக்கே வந்திட்டீரோ?"

"ஐயா, ரிப்போட்டு எழுதறதுக்கு முன்னால ஒரு வாரம் குடுங்க. கல்லு அதே எடத்துக்கு வந்துடும்."

"அந்தப் பொம்பிளை விடுவாவோ?"

"தெரியலீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்ன சாமி தம்பி அது?"

"இன்னும் பேரு வெக்கலீங்கம்மா."

"பேர் வைக்கிறதுக்கு முந்தியே வழக்கு வந்திட்டுது," என்று கணவரைப் பார்த்தார். "எங்கட ஊர்க் காணி மூலையில உங்கட அப்பா வைரவரை வைச்சுக் கும்பிடேல்லையோ? அதையும் எழுதிப் போடுங்கோவன்."

ஐயா செடிகளுக்கு மேலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். நிறையவே ஊற்றினார். "வாற கிழமை வருவன்," என்றார். "கல்லு நிக்க வேண்டிய இடத்தில நிக்க வேணும். ஒரு சாண் அங்கால இங்கால ஏலாது."

தள்ளிப் போன வாய்க்கால்

திரும்பி வந்து சொன்னேன். சடையன் அண்ணன் வேறு கல் நடலாம் என்றார், எண் வேண்டுமே. சாமியிடம் பூ கேட்கலாம் என்றாள் அஞ்சலை அக்கா. சாமி மாட்டேன் என்றுவிட்டால்? பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. உங்கள் அம்மா கத்தரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க," என்றாள். "சாமி சேத்துக்குப் போவாது. சேறு தள்ளிப் போவட்டும்."

"எங்க தள்ளிப் போவும்?"

"இப்படித்தான்." தன் முன்னால் இருந்த பாத்தியைக் காட்டினாள்.

எங்கள் நிலந்தான் நாலிலும் தாழ்ந்தது. வாய்க்காலை வேறு வழி திருப்புவதென்றால் அந்தப் பாத்தி வழியாகத்தான் திருப்ப முடியும். அது அவளுடைய பாத்தி. ஊதாப் பூ விட்டிருந்தது. முதல் பிஞ்சுகள் விரல் நுனி அளவுக்கு இருந்தன. கிள்ளான் பாசாருக்கு விற்க அவள் தன் கையால் கொண்டுபோக வேண்டும் என்று வைத்திருந்தது.

அஞ்சலை அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, சாமி இருக்கிறது நாலு பேரு எல்லையில. ஒன் ஒருத்தி பாத்தியவா வெட்டறது?"

"எங்க நெலந்தானக்கா பள்ளம். தண்ணிகிட்ட போயி மேட்டுல ஏறுன்னு சொல்ல முடியுமா?"

மறுநாளே வெட்டத் தொடங்கினோம். நாலு குடும்பமும் இறங்கியது. கீழ்ப்பக்கத்து மலாய்க்காரர் பாக் மான் தண்ணீர் தன் நெல்லுக்குள் பாயாமல் வழி காட்டி, இரண்டு கூடையும் கொடுத்தார். வெட்டிய மண்ணைக் கொண்டுபோய் மூலையில் கொட்டி மிதித்தோம். மற்ற மூன்று வீட்டாரும் தங்கள் பங்குக்கு மூலையில் கொஞ்சம் நிலத்தை விட்டார்கள், சாமிக்கு வெளிச்சுற்று வேண்டுமென்று. கையில் வராத நிலத்திலிருந்து முதலில் கொடுத்தோம். பைத்தியக்காரத்தனம் என்றுதான் வெளியே இருப்பவர்களுக்குப் படும். ஆனால் ஒன்றைத் தானமாகக் கொடுக்கும்போதுதான் அது தன்னுடையது என்று உடம்புக்குத் தெரிகிறது. ஒரு வருஷ லைசென்ஸ் வைத்திருந்த வரைக்கும் எங்களால் யாருக்கும் ஒரு கைப்பிடி மண் கொடுக்க முடிந்ததில்லை.

முதல் தண்ணீரைத் திறந்துவிட்டபோது அது பாத்திக்குள் தயங்கித் தயங்கிப் போனது. கத்தரிப் பூக்கள் சில அதன்மேல் மிதந்து போயின. உங்கள் அம்மா அவற்றைக் கொஞ்ச தூரம் பார்த்தாள், பிறகு கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

எண் தெரிகிற பக்கம்

சொன்னபடி சர்வேயர் ஐயா வந்தார். மூலையில் சேறு இல்லை. உலர்ந்த மேடு, சுற்றிலும் கோலம். மாமரத்தடியிலிருந்து கல்லை எடுத்து வந்தோம். இந்தத் தடவை ஆண்கள் மூங்கிலில் கட்டித் தூக்கினோம். சடையன் அண்ணன் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார்.

ஐயா கோலத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். வெறுங்காலோடு போய்க் கருவிக்குப் பின்னால் குனிந்தார்.

"இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... கூடிப் போச்சு, பின்னால வாங்கோ... ஆ, அவ்வளவுதான். நிப்பாட்டுங்கோ."

"சாமிக்கே எடம் காட்டுறாரு பாரு," என்று அஞ்சலை அக்கா முணுமுணுத்தாள். ஆனால் குரலில் கோபம் இல்லை.

கல்லை இறக்கி மண்ணை இடித்தோம். எண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஐயா சொன்னார்: "அம்மா, பொட்டை மற்றப் பக்கம் வையுங்கோ. எண் தெரிகிற பக்கம் லேண்ட் ஆபீஸுக்கு. மற்றது உங்களுக்கு."

அக்கா அப்படியே செய்தாள். அவர் கல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். வெயிலுக்கு மறைத்தாரா, கும்பிட்டாரா, எனக்குத் தெரியாது.

கெரான்

பெரிய துரை வந்தார். குதிரைமேல் இருந்தபடியே பார்த்தார். புது வாய்க்கால் நன்றாக இருக்கிறது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மழைக்காலம் முழுதும் காத்திருந்தோம். அதற்குள் உங்கள் அம்மா மூத்தவளை உண்டாகியிருந்தாள். ஒரு நாள் கிள்ளான் லேண்ட் ஆபீஸில் பெருவிரலில் மை தடவி, கெரானைக் கையில் வாங்கினேன். ஈரம் படாமல் வாழைச் சருகில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகு நடந்தவை எல்லாம் நல்லவை என்று சொல்ல மாட்டேன். தென்னை வைத்தோம், பலகை வீடு கட்டினோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம். வேலியும் போட்டோம். ஓலை யார் பக்கம் விழுந்தது என்று நானும் சடையன் அண்ணனும் ஒரு வருஷம் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். பழையபடி கருவாட்டுக் குழம்பு வருவது குறைந்தது. நிலம் கொடுத்ததும் உண்டு, எடுத்துக்கொண்டதும் உண்டு.

ஆனால் கெரான் வந்த மறுநாள் காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு என்று ஒன்று உண்டு. இருட்டில் வரிசையில் நிற்க வேண்டும், கணக்கு எழுதும் கிராணி பேர் கூப்பிடுவார். உங்கள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதே அந்த வரிசையில் நின்றவள். தோட்டத்தை விட்டு வந்தும் அவள் உடம்பு அதை விடவில்லை. யாரும் கூப்பிடாமலே இருட்டில் எழுந்து, முகம் கழுவி, முடியை முடிந்துகொண்டு, வாசலில் போய்ச் சும்மா நிற்பாள். "யாருக்காக நிக்கிற?" என்று கேட்டால் சிரிப்பாள். அவளுக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் கண் விழித்தபோது கீற்று இடுக்குகளில் வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. கோழிகள் எப்போதோ இறங்கிப் போயிருந்தன. பக்கத்தில் பார்த்தேன். உங்கள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை வயிற்றின்மேல். அவள் தூங்குகிற முகத்தை வெளிச்சத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வெளியே சடையன் அண்ணனின் குரல். "தம்பி! வெயிலு வந்து எவ்ளோ நேரமாவுது, ஒங்க வீட்டுல யாரும் இன்னும் எந்திரிக்கலயா?"

 வெயில் மெல்ல நகர்ந்து அவள் கழுத்துவரைக்கும் வந்திருந்தது. சத்தம் போடாமல் எழுந்து, சன்னல் தட்டியை இறக்கிவிட்டு வெளியே போனேன்.